புற்றுநோயாளருக்கு எது துணை? சுவிற்சர்லாந்தை முன்வைத்து ஒரு மீளாய்வு

சுவிற்சர்லாந்தில் ஒவ்வோர் ஆண்டும் 40,000க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, நோயெதிர்ப்புச் சிகிச்சை எல்லாம் இங்கே உயர்ந்த தரத்தில் கிடைக்கின்றன. ஆனால் மருந்து ஏறி முடிந்து வீடு திரும்பும் நோயாளருக்கு வேறு கேள்விகள் காத்திருக்கின்றன. பிள்ளைகளிடம் என்ன சொல்வது? சம்பளம் எத்தனை மாதத்துக்கு வரும்? உடம்பு எழும்ப மறுக்கும் நாட்களில் யார் சமைப்பது? வைத்தியர் சொன்னதில் பாதி விளங்கவில்லை என்றால் யாரிடம் கேட்பது? இரவில் வரும் பயத்தை எங்கே இறக்கி வைப்பது?

இக்கேள்விகளுக்கு மருத்துவம், உளவியல், சமூகக் கொள்கை, சமயம், குடும்பம் என ஒவ்வொரு தரப்பும் தனித்தனியே பதில் சொல்லி வந்திருக்கிறது. மனத்தைத் தேற்றுவதே முதன்மை என்றனர் சிலர். உண்மையைச் சொல்வதே முதல் துணை என்றனர் வேறு சிலர். காசும் வேலையும் காப்பாற்றப்படாவிட்டால் ஆறுதல் வார்த்தைக்குப் பயனில்லை என்பது மூன்றாவது தரப்பு. உறவும் ஊரும் இருக்கும்போது நிறுவனங்கள் எதற்கு என்று கேட்போரும் உண்டு. இந்த நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு நிலைத்து நிற்கின்றன, சுவிற்சர்லாந்தில், குறிப்பாக இங்கு வாழும் தமிழரிடையே, அவை எப்படிப் பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

மனமே நோய்க்குக் காரணம் என்ற பழைய எண்ணம்

புற்றுநோயை மனநிலையோடு இணைத்துப் பார்ப்பது மிகப் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன், சோகக் குணமுடைய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருவதாகக் கருதினார். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உளவியலாளர் லோரன்ஸ் லெஷான் போன்றோர் இதற்கு நவீன வடிவம் கொடுத்தனர். கோபத்தையும் துயரத்தையும் அடக்கி வைப்பவரின் உடலில் புற்று வளர்கிறது என்பது அவர்களின் கருத்து.

இந்தக் கருத்தின் மிக உருக்கமான இலக்கியப் பதிவு சுவிற்சர்லாந்திலிருந்தே வந்தது. பிரிட்ஸ் சோர்ன் என்ற புனைபெயரில் எழுதிய சூரிச் ஆசிரியர் ஒருவரின் 'மார்ஸ்' என்ற நூல் 1977இல் வெளிவந்தது. சூரிச் ஏரிக்கரையின் செல்வக் குடும்பம் ஒன்றில் எந்த உணர்ச்சியையும் வெளிக்காட்டாமல் வளர்க்கப்பட்டதே தன் நிணநீர்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று அவர் வாதிட்டார். நூல் வெளிவருமுன், 1976இல், 32 வயதில் அவர் இறந்துவிட்டார். நூல் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1978இல், அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் இதற்கு நேரெதிரான நூலொன்றை எழுதினார். தானும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்த அவர், நோயை ஒருவரின் குணத்தோடு கட்டிப்போடுவது நோயாளரையே குற்றவாளியாக்கும் செயல் என்று எதிர்த்தார்.

பின்வந்த ஆய்வுகள் பெரிதும் சொன்டாக்கின் பக்கமே சாய்கின்றன. சுவீடனிலும் பின்லாந்திலும் சுமார் 60,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வு, ஆளுமைக் குணத்துக்கும் புற்றுநோய் வாய்ப்புக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. தலை, கழுத்துப் புற்றுநோயாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், மனநலம் நல்ல நிலையில் இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

இருந்தும் பழைய எண்ணம் வழக்கிலிருந்து மறையவில்லை. 'மனதைத் தைரியமாக வைத்திருங்கள், எல்லாம் சரியாகும்' என்று அன்போடு சொல்லப்படும் வார்த்தையில் அதன் நிழல் உண்டு. சரியாகாதபோது, தைரியம் போதவில்லை என்ற பழி நோயாளரின் தலையில் விழுகிறது. கர்மவினை, செய்வினை, கண்ணூறு என்ற விளக்கங்களும் நம் சமூகத்தில் இதே வேலையைச் செய்கின்றன. நோயாளருக்குச் செய்யக்கூடிய முதல் துணை, இந்தப் பழியை அவரிடமிருந்து நீக்குவதுதான் என்று சொல்ல இன்று போதிய ஆதாரம் இருக்கிறது.

சொல்வதா, மறைப்பதா?

இரண்டாவது பழைய விவாதம் உண்மையைப் பற்றியது. 1961இல் அமெரிக்காவில் நடந்த கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ 90 வீதமான வைத்தியர்கள் புற்றுநோய் என்பதை நோயாளரிடம் சொல்வதில்லை என்றனர். 1979இல் அதே கேள்விக்கு 97 வீதமானோர் சொல்வோம் என்றனர். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சிகிச்சை முன்னேறியது, நோயாளர் உரிமை பேசப்பட்டது. சூரிச்சில் பிறந்து அங்கேயே மருத்துவம் படித்த எலிசபெத் கூப்ளர்-ரோஸ் சாவை நெருங்கியவர்களோடு நேருக்கு நேர் பேசி 1969இல் வெளியிட்ட நூலும் இம்மாற்றத்துக்கு உதவியது.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அவருடைய ஐந்து கட்டங்கள் உலகெங்கும் பரவின. நோயாளர்கள் இந்த வரிசையில் படி ஏறுவதில்லை என்பது பிற்காலத்தில் தெளிவானது. அந்தக் கட்டங்களை விட, நோயாளர் பேச விரும்புகிறார் என்றும் கேட்கும் காதுதான் இல்லை என்றும் அவர் காட்டியதே நிலைத்து நிற்கும் பங்களிப்பு.

எல்லாப் பண்பாடுகளும் ஒரே அளவில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. 1995இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 800 முதியோரிடம் நடந்த ஆய்வில், பரவிய புற்றுநோய் பற்றி நோயாளரிடம் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய, ஆபிரிக்க வழிவந்த அமெரிக்கரில் பெரும்பான்மையினர் கூறினர். கொரிய வழிவந்தோரில் பாதிக்கும் குறைவானோரே அப்படிக் கருதினர். தீர்மானத்தைக் குடும்பமே சுமக்க வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. தமிழ்க் குடும்பங்களில் பலவும் இதே மரபில் வந்தவை. 'அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டா' என்று பிள்ளைகள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வதில் அன்புதான் இருக்கிறது.

சுவிற்சர்லாந்தின் சட்டம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. தகவல் நோயாளருக்கே உரியது. அவருடைய சம்மதமின்றிக் குடும்பத்துக்குச் சொல்வது குற்றவியல் சட்டத்தின் 321ஆம் பிரிவின் கீழ் தொழில் இரகசியத்தை மீறும் செயலாகலாம். 2013இல் நடைமுறைக்கு வந்த வயதுவந்தோர் பாதுகாப்புச் சட்டம், தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் நோயாளர் விருப்பாணைக்கு நாடு முழுவதும் சட்டவலு அளித்தது.

இரு தரப்பிலும் பலவீனம் உண்டு. மறைக்கும் குடும்பம் நோயாளரைத் தனிமைப்படுத்துகிறது. வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசும்போது அவருக்கு விடயம் விளங்கிவிடும். ஆனால் அதைப் பேச ஆளிருக்காது. மறுபுறம், எல்லாவற்றையும் ஒரே சந்திப்பில் கொட்டிவிடும் மருத்துவம், எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள் என்று கேட்கத் தவறுகிறது. அறியும் உரிமையோடு, அறியாமலிருக்கவும் யாரோடு அறிவது என்று தெரிவுசெய்யவும் நோயாளருக்கு உரிமை உண்டு என்ற நடுவழியே இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதை நடைமுறைப்படுத்த நேரமும் பொறுமையும் வேண்டும். பலருக்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும்.

உளத்துணை ஒரு மருத்துவத் துறையாகிறது

மனமே நோயைத் தந்தது என்பதை விட்டு, நோய் மனத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்கியபோதுதான் உளப்புற்றுநோயியல் பிறந்தது. நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977இல் உளமருத்துவப் பிரிவைத் தொடங்கிய ஜிம்மி ஹொலண்ட் இத்துறையின் தாயாகக் கருதப்படுகிறார். 1984இல் சர்வதேசச் சங்கமும் அவரது முயற்சியால் உருவானது.

தேவையின் அளவு ஓரளவு தெரியும். அயல்நாடான ஜெர்மனியில் 2,141 நோயாளரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, அண்மைய நான்கு வாரங்களில் நோயென்று வரையறுக்கக்கூடிய மனப்பாதிப்பு இருந்தது. இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். உளத்துணை ஆடம்பரமாகாது. அதேவேளை, எல்லோருக்கும் உளச்சிகிச்சை வேண்டும் என்பதும் சரியாகாது. மூன்றில் இருவர் பயந்தும் அழுதும் சோர்ந்தும் தம்மவரின் துணையோடு கடந்துவிடுகிறார்கள்.

அந்த ஒருவரை எப்படி இனங்காண்பது? 1998இல் அறிமுகமான 'மனவுளைச்சல் வெப்பமானி' என்ற தாள், பூச்சியத்திலிருந்து பத்துவரை ஒரு எண்ணைக் குறிக்கச் சொல்கிறது. எளிமையால் அது உலகெங்கும் பரவியது. ஆனால் அளந்து குறித்தால் மட்டும் நோயாளருக்கு நன்மை கிடைக்கிறது என்பதற்குச் சோதனை ஆய்வுகள் உறுதியான ஆதாரம் தரவில்லை. பாசல் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள், நோயாளர் ஏன் உளத்துணையை ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, மனவுளைச்சலின் அளவு மட்டுமே விடை தரவில்லை. 'எனக்குக் குடும்பம் இருக்கிறது', 'எனக்குப் பைத்தியமில்லை' என்ற எண்ணங்களும், வைத்தியரும் தாதியும் அதை எப்படிப் பரிந்துரைக்கிறார்கள் என்பதும் முடிவைப் பாதிக்கக்கூடியவை. உளவியலாளர் என்ற பெயரே தயக்கம் ஊட்டும் நம் சமூகத்தில் இது இன்னும் பொருந்தலாம்.

பாசலிலிருந்து வந்த வேறொரு முயற்சியும் கவனத்துக்குரியது. புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு இணையவழியில், உளவியலாளரின் எழுத்து வழிகாட்டலோடு எட்டு வாரப் பயிற்சி அளிக்கும் திட்டம் 129 பேரிடம் சோதிக்கப்பட்டு, முடிவு 2018இல் வெளியானது. வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, மனவுளைச்சல் குறைந்தது. பதகளிப்பிலும் மனச்சோர்விலும் தெளிவான மாற்றம் காணப்படவில்லை. திட்டம் ஜெர்மன் மொழியில் எழுத வாசிக்க முடிந்தவர்களுக்கானது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வைத்தியரையே நல்ல துணையாக்குவது இன்னொரு வழி. புற்றுநோய் வைத்தியர்களுக்கான உரையாடல் பயிற்சியைச் சிறப்புத் தகுதிக்குக் கட்டாயமாக்கிய நாடுகளில் சுவிற்சர்லாந்தும் ஒன்று. பயிற்சி பெற்றவர்கள் திறந்த கேள்விகள் கேட்கிறார்கள், கூடுதல் பரிவு காட்டுகிறார்கள் என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. அந்த மாற்றம் நோயாளரின் மனச்சுமையைக் குறைக்கிறதா என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

செலவைப் பொறுத்தவரை, 2022 யூலை 1 முதல் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. வைத்தியரின் பணிப்புரையோடு உளவியல்சார் உளச்சிகிச்சையாளரிடம் நேரடியாகப் போகலாம். அடிப்படைக் காப்புறுதி அதை ஏற்கிறது. ஒரு பணிப்புரைக்கு 15 அமர்வுகள், 30க்குப் பிறகு காப்புறுதியின் ஒப்புதல். வழி திறந்தது உண்மை. தமிழில் பேசும் சிகிச்சையாளர் கிடைப்பது அரிது என்பதும் உண்மை.

ஆதரவு ஆயுளை நீட்டுமா?

இந்தக் கேள்வி 1989இல் பெரும் நம்பிக்கையோடு எழுந்தது. பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களில், வாராந்தக் குழுச் சந்திப்பில் பங்கெடுத்தவர்கள் சராசரி 36.6 மாதங்களும் மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்ததாக அமெரிக்க உளமருத்துவர் டேவிட் ஸ்பீகல் அறிவித்தார். 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் இதே முறை மீண்டும் சோதிக்கப்பட்டபோது இரு தரப்புக்கும் வாழ்நாளில் வேறுபாடு இல்லை. ஸ்பீகலே 2007இல் வெளியிட்ட மறுஆய்விலும் மொத்தத்தில் பழைய முடிவு திரும்பவில்லை. ஆனால் கனடிய ஆய்வில் பங்கெடுத்த பெண்களின் வலியும் மனத்துயரும் குறைந்திருந்தன.

வேறு வகை ஆதரவு ஆயுளையும் தொட்டிருக்கலாம். 2010இல் அமெரிக்காவில் 151 நுரையீரல் புற்றுநோயாளரிடம் நடந்த ஆய்வில், தணிப்புச் சிகிச்சைக் குழுவை ஆரம்பத்திலேயே சந்தித்தவர்கள் நடுவளவில் 11.6 மாதங்களும், வழமையான சிகிச்சை பெற்றவர்கள் 8.9 மாதங்களும் வாழ்ந்தனர். தணிப்புக் குழுவைச் சந்தித்தவர்களுக்குக் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே கொடுக்கப்பட்டிருந்தன. 766 பேரிடம் நடந்து 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், தம் அறிகுறிகளை நோயாளரே இணையத்தில் பதிய, தாதியர் அதைப் பார்த்து உடன் நடவடிக்கை எடுத்த குழுவின் நடுவளவு வாழ்நாள் 31.2 மாதங்கள், மற்றக் குழுவுக்கு 26. இவை தனித்தனி நிலையங்களில் நடந்தவை. எல்லாப் புற்றுநோய்களுக்கும் எல்லா நாடுகளுக்கும் பொதுமைப்படுத்த முடியாது. ஆனால் ஒரு போக்கு தெரிகிறது: உணர்ச்சியை மட்டும் பேசிய குழுக்களை விட, வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற அன்றாடத் துன்பங்களை உடனுக்குடன் கவனித்த முறைகளுக்கே வாழ்நாள் சார்ந்த ஆதாரம் கிடைத்திருக்கிறது.

துணையின் நியாயம் ஆயுளில் மட்டும் தங்கியிருக்க வேண்டியதில்லை. ஒருவரின் வலியும் பயமும் குறைந்தாலே அது போதிய காரணம்.

காசு, வேலை, வீடு

புற்றுநோய் ஆதரவு பற்றிய நூல்களில் நெடுங்காலம் ஓரத்தில் கிடந்த விடயம் இது. சுவிற்சர்லாந்தில் எல்லோருக்கும் கட்டாய மருத்துவக் காப்புறுதி உண்டு; அதன் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. கீமோ மருந்தின் பெருஞ்செலவை அது ஏற்கிறது. ஆயினும் வயதுவந்த நோயாளர் காப்புறுதி பணம் தரத் தொடங்குமுன் தானே ஏற்கும் பிரான்சீஸ் தொகையாக 300 முதல் 2,500 பிராங்க் வரையும், அதற்கு மேல் பத்து வீதமாக ஆண்டுக்கு 700 பிராங்க் வரையும் கையிலிருந்து கட்ட வேண்டும். மாதக் கட்டணத்தைக் குறைக்க உயர்ந்த பிரான்சீஸ் தெரிவுசெய்திருந்த குடும்பத்துக்கு இது முதல் அடி. சிகிச்சை ஆண்டின் இறுதியில் தொடங்கினால் இரண்டு ஆண்டுகளின் தொகையும் சில மாதங்களுக்குள் வந்து சேரும். வீட்டுக்கு வரும் ஸ்பிட்டெக்ஸ் தாதியின் பராமரிப்பைக் காப்புறுதி ஏற்கும். சமையலுக்கும் துப்புரவுக்குமான உதவியை அடிப்படைக் காப்புறுதி ஏற்காது. மருத்துவ ரீதியில் அவசியமான போக்குவரத்துச் செலவில் பாதியை, ஆண்டுக்கு 500 பிராங்க் வரை மட்டுமே அது தரும்.

சம்பளம் இதைவிடச் சிக்கலானது. நோய்க்கால நாட்கூலிக் காப்புறுதி சுவிஸ் சட்டத்தில் கட்டாயமில்லை. அது இல்லாத இடத்தில், முதலாவது வேலையாண்டில் மூன்று வாரச் சம்பளத்தையே சட்டம் உறுதிசெய்கிறது. பிறகு வேலை செய்த காலத்துக்கு ஏற்ப அது கூடும். நம்மவர் பலர் உழைக்கும் உணவக, விடுதித் துறையில் தேசியக் கூட்டு ஒப்பந்தம் 720 நாட்களுக்கு 80 வீதச் சம்பளத்துக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. இது தெரியாமல் தானாகவே வேலையை விட்டு விலகுபவர் அந்த உரிமையைச் சிக்கலாக்கிக்கொள்கிறார். நோயின்போது வேலைநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு, முதலாம் ஆண்டில் 30 நாட்கள், இரண்டு முதல் ஐந்தாம் ஆண்டுவரை 90, அதன்பின் 180. கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்தால் ஆறு மாதத்தை எளிதில் தாண்டும் என்பதால், சிகிச்சை முடியுமுன்னே பாதுகாப்பு முடிந்துவிடக்கூடும். இயலாமைக் காப்புறுதியின் ஓய்வூதியத்துக்கு ஓராண்டுக் காத்திருப்பு உண்டு. விண்ணப்பித்து ஆறு மாதம் கழிந்த பிறகே அது தொடங்கும். ஆகவே பிந்தி விண்ணப்பித்தால் பணம் இழக்கப்படும். முடி கொட்டியவருக்கு இதே காப்புறுதி செயற்கை முடிக்கு ஆண்டுக்கு 1,500 பிராங்க் வரை தருகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பராமரிப்பவருக்கும் சட்டம் ஓரளவே உதவுகிறது. 2021 முதல் உறவினரைப் பார்க்க ஒரு தடவைக்கு மூன்று நாள், ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கடும் நோயுற்ற பிள்ளையின் பெற்றோருக்கு 14 வாரம். கணவனுக்கோ மனைவிக்கோ புற்றுநோய் என்றால் அத்தகைய நீண்ட விடுப்பு இல்லை.

இந்த இடைவெளிகளை நிரப்பவே 1910இல் தோன்றிய சுவிஸ் புற்றுநோய்ச் சங்கமும் அதன் 18 மாநில, பிராந்தியக் கிளைகளும் இயங்குகின்றன. படிவம் நிரப்புவது, முதலாளியோடும் காப்புறுதியோடும் பேசுவது, நெருக்கடியில் ஒருமுறை நிதியுதவி செய்வது எனச் சமூக ஆலோசகர்கள் துணை நிற்கிறார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டர்கள் தம் வாகனத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். இந்த முறையின் பலவீனமும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சங்கம் பெருமளவு நன்கொடையில் இயங்குகிறது. சேவை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தேடிப் போகிறவருக்கே அது கிடைக்கிறது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வாழ்பவருக்கு இன்னொரு பயமும் உண்டு. நீண்டகாலம் சமூக உதவிப் பணத்தில் தங்கியிருப்பது வதிவிட அனுமதியைப் பாதிக்கலாம். 15 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவருக்கு முன்பிருந்த பாதுகாப்பும் 2019இல் நீக்கப்பட்டது. இதனால் சமூக உதவிக்கும், பணம் கட்டிப் பெற்ற காப்புறுதி உரிமைக்கும் வேறுபாடு தெரியாமல், எதையும் கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று சிலர் முடிவு செய்யக்கூடும். நடைமுறைத் துணையின் மிகப் பெரிய தடை இந்தப் பயமாக இருக்கலாம். இதை அளந்து பார்க்க வேண்டியது ஆய்வாளரின் பொறுப்பு.

மொழியும் வழிகாட்டலும்

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த இளைஞர்கள் இன்று அறுபதைத் தொட்டிருக்கிறார்கள். புற்றுநோய் கூடுதலாக வரும் வயது அது. சமையலறைகளிலும் துப்புரவு வேலையிலும் உழைத்த அந்தத் தலைமுறையில் பலருக்கு வேலைக்குப் போதிய ஜெர்மனோ பிரெஞ்சோ தெரியும். நோயைப் பேச அது போதாது. பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளராகிறார்கள். தாயின் கர்ப்பப்பையைப் பற்றி மகனும், தந்தையின் ஆயுளைப் பற்றி மகளும் மொழிபெயர்க்கும்போது எதை விடுவது, எதை மென்மையாக்குவது என்ற சுமை அவர்கள் மேல் விழுகிறது.

தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் தவறுகள் குறைந்து, நோயாளரின் புரிதலும் நிறைவும் கூடுகின்றன என்று 2007இல் வெளியான 28 ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. சுவிற்சர்லாந்தில் 2011 முதல் தேசியத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இயங்குகிறது. செஞ்சிலுவைச் சங்கம் வெளியிட்ட சுகாதார வழிகாட்டி தமிழிலும் உண்டு. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே, தனியார் வைத்தியரிடம், மொழிபெயர்ப்புச் செலவை யார் ஏற்பது என்பதற்கு நெடுங்காலம் தெளிவான, சீரான ஏற்பாடு இருக்கவில்லை.

சேவை இருந்தும் ஆள் போய்ச்சேராத சிக்கலுக்கு 1990இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் ஹரோல்ட் ப்ரீமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு விடை கண்டார். அப்பகுதி மக்களிலிருந்தே வழிகாட்டிகளை நியமித்து, பரிசோதனை முதல் சிகிச்சைவரை நோயாளரின் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்றார். மலிவான மார்பகப் பரிசோதனையும் சேர்ந்தபோது, அங்கே மார்பகப் புற்றுநோயாளரின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு வீதம் 39இலிருந்து 70ஆக உயர்ந்தது. எவ்வளவு வழிகாட்டலால், எவ்வளவு முன்கூட்டிய கண்டறிதலால் என்று பிரிப்பது கடினம். சுவிஸ் மார்பக நிலையங்களில் சிறப்புத் தாதியர் இதை ஒத்த பணியைச் செய்கிறார்கள். அதை நோயாளரின் மொழி அறிந்தவர் செய்தால் என்ன மாறும் என்பது இங்கே முறையாகச் சோதிக்கப்பட வேண்டிய கேள்வி.

உறவும் ஊரும்

குடும்பமும் சமூகமும் போதும் என்ற நிலைப்பாட்டுக்கு வலுவான சான்று கேரளத்திலிருந்து வருகிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய தணிப்புச் சிகிச்சைச் சங்கம், மலப்புறம் மாவட்டத்தில் அயலவர் வலையமைப்பாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள். அரிசியும் பிள்ளையின் பள்ளிச் செலவும் மருந்தோடு சேர்ந்து கவனிக்கப்பட்டன. 2008இல் மாநில அரசு இதைக் கொள்கையாக்கியது. ஆயினும் அங்கே தொண்டருக்குப் பின்னால் தாதியும் வைத்தியரும் மோர்பினும் இருந்தன என்பதை மறக்கக்கூடாது.

சுவிஸ் தமிழரிடம் இதற்கான அடித்தளம் இருக்கிறது. பேர்ணின் சமயங்களின் இல்லத்தில் இயங்கும் சிவன் கோவில், அட்லிஸ்வில் முருகன் கோவில், கத்தோலிக்கத் தமிழரோடு சைவரும் யாத்திரை போகும் மரியாஸ்டைன், ஐன்சீடெல்ன் ஆலயங்கள், ஊர்ச் சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகள் எல்லாம் மக்கள் கூடும் இடங்கள். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும், நேர்த்தி வைப்பதும், செத்தவீட்டுக்குத் திரண்டு வருவதும் நமக்குப் பழக்கமானவை.

இதன் பலவீனங்களையும் நேராகச் சொல்ல வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய சமூகத்தில் நோய் செய்தியாகப் பரவுகிறது. பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு பாதிக்கப்படும் என்று மறைப்பவர் உதவியையும் சேர்த்தே இழக்கிறார். பராமரிப்பின் பாரம் பெரும்பாலும் மனைவி மேலும் மகள் மேலும் விழுகிறது. நோயாளி அவளாகவே இருக்கும்போது அவளைப் பார்ப்பது யார் என்பது பதிலில்லாத கேள்வியாகிறது. உறவினர் இலங்கை, கனடா, பிரான்சு என்று சிதறியிருப்பதால், தொலைபேசியில் அன்பு வரும். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் வராது. மூலிகை, பத்தியம், வேண்டுதல் என்று அன்போடு சொல்லப்படும் ஆலோசனைகளில் சில, கீமோ மருந்தோடு மோதவும் கூடும். 1917இல் இதே நாட்டில் இட்டா வெக்மன் என்ற மருத்துவர் தொடங்கிய, மிஸல்ட்டோ என்ற ஒட்டுண்ணித் தாவரத்தின் ஊசி மருந்து இன்றும் சுவிஸ் நோயாளர் பலரால் பயன்படுத்தப்படுகிறது. ஆயுளை நீட்டுவதற்கான ஆதாரம் பலவீனமாகவே இருக்கிறது. துணைமருந்துகளை நாடுவது நமக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. எதை எடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வதே பாதுகாப்பானது.

மதிப்பீடு

இந்த நிலைப்பாடுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது சில முடிவுகள் ஓரளவு உறுதியோடு நிற்கின்றன. நோய்க்கு நோயாளரின் மனத்தைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. உளத்துணை துயரைக் குறைக்கிறது. ஆயுளை நீட்டுவதாக வாக்களிக்க முடியாது. அறிகுறிகளை உடனுக்குடன் கவனிப்பதும் தணிப்புச் சிகிச்சையை முன்கூட்டியே சேர்ப்பதும் சில நோய்களில் இரண்டையும் செய்யலாம். மனத்துணையையும் நடைமுறைத் துணையையும் பிரித்து வைப்பது பயன் தரவில்லை. வாடகைப் பயத்தோடு படுப்பவருக்குத் தளர்வுப் பயிற்சி மட்டும் தூக்கம் தராது.

திறந்திருக்கும் கேள்விகளும் பல. உளத்துணையை மறுப்பவரில் யாருக்கு அது உண்மையிலேயே தேவையில்லை, யார் வழி தெரியாதவர்? தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவர் இருந்தால் விளைவு மாறுமா? ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் உருவான பயிற்சிகள் தமிழில் அப்படியே பொருந்துமா? வதிவிட அனுமதி பற்றிய பயம் எத்தனை பேரைச் சேவைகளிலிருந்து விலக்கி வைக்கிறது? சுவிற்சர்லாந்தின் குடியேறிகளை மொழிவாரியாகச் சேர்த்து நடத்தப்படும் ஆய்வுகள் இல்லாமல் இவற்றுக்குப் பதில் வராது. இதுவரையான ஆய்வுகளில் பெரும்பகுதி, நாட்டு மொழி நன்கு தெரிந்தவர்களையே கணக்கில் எடுத்திருக்கிறது.

இந்த மீளாய்வு சொல்லக்கூடிய தீர்ப்பு ஒன்று உண்டு: சுவிற்சர்லாந்தில் சேவைகள் இருக்கின்றன, நோயாளரை அவற்றிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் குறைவாக இருக்கிறது. அந்த ஏற்பாட்டை மருத்துவமனையும் காப்புறுதியும் மாநிலங்களும் கட்டமைக்க வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவையும் உள்ளன. நோய் கண்டறியப்பட்ட முதல் சந்திப்பிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அந்த வாரமே மாநிலப் புற்றுநோய்ச் சங்கத்தின் சமூக ஆலோசகரைச் சந்தியுங்கள். வேலையை விடுமுன், எந்தக் கடிதத்திலும் கையொப்பமிடுமுன், உரிமைகளை விசாரியுங்கள். கோவிலோ தேவாலயமோ சங்கமோ நடத்துபவர்கள், நோயின் பெயரைக் கேட்காமலே வாகனமும் சாப்பாடும் ஒழுங்குசெய்யும் ஒரு சிறு குழுவை இந்த ஆண்டிலேயே தொடங்குங்கள்.